மே மாசத்துச் சராசரி மழை

அந்த மலைக்குப் பின்னால நிக்கிற முகில் அங்கையே நிக்கட்டும். இஞ்சால வரப்படாது. இண்டைக்கும் நாளைக்கும் நாளையிண்டைக்கும் மட்டும் வரப்படாது. அதுக்குப் பிறகு என்னத்தையும் கொட்டட்டும், மழையோ பனியோ, ரெண்டும் கலந்து இந்த ஊரில விழுற அந்தச் சனியனோ, நான் வாயே திறக்கமாட்டன். வடகம் காயவேணும், அவ்வளவுதான், பெரிய வரமொண்டும் கேக்கேல்லை. கவிட்டு வைச்ச மீன்பெட்டிக்கு மேல சுளகு, சுளகில வடகம், பக்கத்தில விரிச்சுக் கட்டின கறுப்புக் குடை, குடைக்குப் பக்கத்தில கதிரை, கதிரையில நான். எனக்குப் பின்னால கண்ணாடிக் கதவு, கதவுக்கு அங்கால கட்டில், கட்டிலில என்ர மனுசி யோகமலர். முகத்தை இந்தப் பக்கம் திருப்பித்தான் படுத்திருக்கிறாள். கண் திறந்திருக்கோ மூடியிருக்கோ எண்டு இஞ்சையிருந்து தெரியாது, கண்ணாடியில மலையும் கடலும்தான் தெரியுது, நடுவில என்ர மொட்டை. எழும்பிப் போய்ப் பாக்கலாம். இப்பதானே பாத்திட்டு வந்தனான். மூச்சு இருக்கு. போர்வை ஏறுது, நிக்குது, பிறகு இறங்குது. அந்த நிக்கிற நேரம்தான் என்னைக் கொல்லுது. முந்தி உப்பிடி நிக்கிறேல்லை. கதவை ஒரு சாண் திறந்து விட்டிருக்கிறன், அவளின்ர மூச்சு கேக்கட்டும் எண்டு. குளிர் உள்ளுக்குப் போகும்தான். போனால் போகட்டும், ரெண்டு போர்வை போத்தி விட்டிருக்கிறன். வெயில் நல்லாத்தான் அடிக்குது. வெயில் எண்டால் வெளிச்சம், சூடு எண்டு ஒண்டும் இல்லை, உள்ளங்கையை விரிச்சுப் பிடிச்சால் ஏதோ லேசாத் தொடுற மாதிரி. இதை வெயில் எண்டு யாழ்ப்பாணத்தில சொன்னால் சிரிப்பினம். எண்டாலும் வெயில்தான். வடகத்தை ஒருக்கா விரலால தொட்டுப் பாக்கிறன். மேல் கொஞ்சம் இறுகியிருக்கு. அடியில ஈரம்.

வேப்பம்பூ வடகம் அவள்தான் கேட்டவள். சாப்பாடு இறங்காமல் விட்டுக் கனநாளாச்சு. சூப்பும் வேண்டாம், ஐஸ்கிறீமும் வேண்டாம், வீட்டுக்கு வாற நேர்ஸ் கிர்ஸ்டி கொண்டுவந்து வைக்கிற பழச்சாறும் வேண்டாம், எதைக் குடுத்தாலும் வாய்க்குள்ள கறள் பிடிச்ச தகரம் மாதிரிக் கிடக்காம். பிறகு ஒருநாள் விடிய தானாக் கண்ணை முழிச்சு, "இஞ்சருங்கோ, ஒரு வேப்பம்பூ வடகம் பொரிச்சுத் தருவியளே, வாய்க்கு நல்லா ஒருக்காக் கைக்கவேணும் போல கிடக்கு" எண்டாள். எனக்குப் பெரிய சந்தோசம். ஏதோ ஒண்டைக் கேட்டுட்டாள். கேட்டால் தின்னுவாள், தின்னால் இருப்பாள், என்ர மண்டை அப்பிடித்தான் ஓடினது. மகள் ஆரணி ஒஸ்லோவில ஆரிட்டையோ கேட்டுக் காய்ஞ்ச வேப்பம்பூ ஒரு பை எடுத்துத் தபாலில அனுப்பினவள். உழுந்தை ஊறப்போட்டு, செத்தல் மிளகாயோட அரைச்சு, வெங்காயம், பெருஞ்சீரகம், பூ எல்லாம் போட்டுக் குழைச்சுத் தட்டினன். நான் தட்டினது ஒண்டும் வட்டமா வரேல்லை. முந்தியெல்லாம் தட்டுறது அவள், சுளகைத் தூக்கிக்கொண்டு வெளியிலயும் உள்ளயும் ஓடுறதுதான் என்ர வேலை. வெளியில ஒரே மழை. "அப்பா, விசர் வேலை பாக்காமல் அவண் சூட்டில வைச்சு எடுங்கோ, ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது" எண்டு ஆரணி சொன்னாள். படிச்ச பிள்ளை சொல்லுது எண்டு நானும் அவணில வைச்சன். பிஸ்கற் மாதிரி வந்தது. பொரிச்சு, ஆறவைச்சு, ஒரு துண்டை அவளின்ர வாய்க்குள்ள வைச்சன். கடிச்சாள். கனநேரம் வாய்க்குள்ள வைச்சிருந்தாள். பிறகு என்னைப் பாத்து, கோவமாயும் இல்லை, "இது வெயில் படாத வடகம்" எண்டாள். துண்டை நாக்கால வெளியில தள்ளிப்போட்டு முகத்தைத் திருப்பினாள். அதுதான் கடைசி. அண்டைக்குப் பின்னேரம் நோவுக்குக் குடுக்கிற மோபீனைக் கூட்டினவை. அதுக்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. கிர்ஸ்டி சொல்லுறா, அது மருந்தும் வருத்தமும் செய்யிற வேலை, உங்கட சாப்பாட்டுக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லையாம். எனக்குத் தெரியும். தெரிஞ்சாப்போல? இத்தினை வருசம் என்னோட கதைச்சவள், ஒரு நாளைக்கு எத்தினை ஆயிரம் சொல் கதைச்சிருப்பாள், கடைசியா இந்த ஒண்டோட போறதே? போகப்படாது. வெயிலில காய்ஞ்ச வடகம் ஒண்டு அவளின்ர நாக்கில படவேணும். பட்டால் ஏதாவது சொல்லுவாள். உப்புக் கூட எண்டு சொன்னாலும் காணும்.

மே மாசம் எண்டால் மழை குறைவு எண்டுதான் போட்டிருக்கு. அதை நம்பித்தான் இருந்தனான். தை மாசம் ஆரணி வந்து நிண்டபோது போனில எடுத்துக் காட்டினவள், எங்கட ஊரின்ர சராசரி மழைவீழ்ச்சி, மாசத்துக்கு ஒரு நீலக் கம்பம். ஒக்டோபர்க் கம்பம் தென்னைமரம் மாதிரி நிக்குது, மே மாசம்தான் எல்லாத்திலயும் கட்டை. "பாருங்கோ அப்பா, மே வந்தால் அம்மாவை வெளியில கொண்டந்து வெயிலில இருத்தலாம்" எண்டாள். பிள்ளைக்கு அப்ப அப்பிடி நம்பிக்கை. எனக்கு அந்தப் படத்தைக் கண்டவுடன பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. புவியியல் பாடத்தில யாழ்ப்பாணத்துக்குக் கம்பம் கீறினது. ஆனி ஆடிக்குப் பென்சிலை எவ்வளவு சீவினாலும் கீற ஏலாது, கோட்டோட கோடாக் கிடக்கும். பிறகு ஐப்பசி கார்த்திகையில கொப்பியின்ர மேல் விளிம்பை முட்டும். மாஸ்டர் சொல்லுவார், வறண்ட வலயம் எண்டால் மழை இல்லாத இடம் எண்டு நினையாதேங்கோ, மழை ஒரேயடியாப் பெய்யிற இடம் எண்டு. வடக்குத்தான் எங்கட தலையில எழுதியிருக்கு. அங்கயும் வடக்கு, இஞ்ச வந்தால் இதுவும் வடக்கு, இதுக்கு மேல வடக்கு எண்டு போனால் ஐஸும் கரடியும்தான். மீன் கொம்பனியில வேலை இருக்கு எண்டாங்கள், வந்தன், மீன் வெட்டினன், பென்சன் எடுத்தன், ஒருநாளும் இந்த ஊரின்ர மழையைப் பற்றி ஆரிட்டையும் கேக்கேல்லை. இப்ப கேக்கிறன். முப்பது வருச மழையைக் கூட்டிப் பிரிச்சுத்தான் அந்தக் கம்பத்தைக் கீறுறவையாம். அப்ப அதுக்குள்ள என்ர தலையில விழுந்த மழையும் இருக்கு. வேலைக்குச் சைக்கிளில போகேக்க கழுத்தால இறங்கின மழை, ஆரணியைத் தள்ளுவண்டியில வைச்சுத் தள்ளேக்க அவள் நாக்கை நீட்டிக் குடிச்ச மழை, எல்லாத்தையும் கூட்டி, பிரிச்சு, ஒரு கட்டைக் கம்பமாக்கி வைச்சிருக்கிறாங்கள். பனியையும் விடேல்லை. பனியை உருக்கித் தண்ணியாக்கி அளந்து அதையும் மழை எண்டே கணக்கில போடுறவையாம். சராசரியா ஒரு மே மாசம் எண்டு ஒண்டு இந்த ஊருக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஒரு வருசம் வெளுத்து வாங்கும், ஒரு வருசம் முழங்கால் மட்டும் பனி கிடக்கும், ரெண்டையும் கூட்டிப் பிரிச்சால் நல்ல மே. இந்த வருசம் மே பிறந்த நாளில இருந்து, நடுவில ஒரு நாள் தவிர, ஒரே தூறல். இண்டைக்குத்தான் முகில் விலகினது. விலகினது எண்டுதான் நினைச்சன். அது இப்ப மலையின்ர தோளில ஏறி நிக்குது.

சராசரி எண்ட சொல்லை முதல் சொன்னவன் யோகத்தின்ர வருத்தத்தைக் கண்டுபிடிச்ச டொக்டர்ப் பெடியன். கெட்டவனெண்டு சொல்லமாட்டன், எங்கட ஆரணியிலும் பாக்க இளமை, நகமெல்லாம் வடிவா வெட்டியிருந்தவன். இந்த வருத்தக்காரர் சராசரியா எட்டு மாசம் இருப்பினம் எண்டான். எனக்கு விளங்கினதோ விளங்கேல்லையோ எண்டு என்ர முகத்தைப் பாத்தான், எனக்கு நல்லா விளங்கினது, ஆனால் பாஷை விளங்காத ஆள் மாதிரி முழிச்சுக்கொண்டு இருந்தன். விளங்கேல்லை எண்டால் அது நடக்காது எண்ட மாதிரி. காரில ஏறி, பெல்ற்றையும் போட்டுக்கொண்டு, யோகம்தான் எனக்குச் சொன்னவள், "சராசரி எண்டால் கொஞ்சப் பேர் கூடவும் இருந்திருக்கினம்தானே அப்பா, ஏன் இப்ப முகத்தைத் தொங்கப் போடுறியள், காரை எடுங்கோ" எண்டு. வருத்தம் அவளுக்கு, ஆறுதல் எனக்கு. அந்தச் சொல்லைப் பிடிச்சுக்கொண்டு தொங்கினன் பாருங்கோ. கூடவும் இருந்திருக்கினம். கூடவும் இருந்திருக்கினம். மீன் வெட்டுறபோது மெசினோட சேர்ந்து மண்டைக்குள்ள ஒரு பாட்டு ஓடுமே, அப்பிடி ஓடினது. தைப்பொங்கலோட எட்டு மாசம் தாண்டினது. நான் ஆரணிக்குப் போன் எடுத்து, அம்மா தாண்டிட்டா எண்டன், சோதினை பாஸான மாதிரி. அவள் அழுதாளோ தெரியாது. தாண்டினால் என்ன இருக்கு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே. சராசரிக்கு அங்கால ஒரு கம்பமும் இல்லை. நடக்க ஏலாமல் போனது, பிறகு இருக்க ஏலாமல் போனது, பிறகு விழுங்க ஏலாமல், இப்ப கதைக்க ஏலாமல். இதையும் கணக்கில சேர்ப்பாங்கள், பன்னிரண்டு மாசம் இருந்தா எண்டு. பனியை உருக்கி அளக்கிற மாதிரி இதையும் உருக்கி ஏதோ ஒரு போத்திலில ஊத்தி, இவ்வளவு சீவியம் எண்டு எழுதுவாங்கள். அடுத்ததா அந்தப் பெடியனுக்கு முன்னால போய் இருக்கிற ஆரோ ஒரு மனுசனுக்கு யோகத்தின்ர மாசங்களையும் சேர்த்துக் கூட்டிப் பிரிச்சுத்தான் சொல்லுவாங்கள். அந்த மனுசனும் கூடவும் இருந்திருக்கினம் எண்டு நினைப்பான். பாவம். மூச்சுச் சத்தம் கேக்குதே? கேக்குது. இல்லை, அது கடல். கதவடியில காதை வைக்கிறன். கேக்குது.

கிர்ஸ்டி விடிய வந்தவ. சுளகை எட்டிப் பாத்து, இது என்ன பிஸ்கற்றோ எண்டு கேட்டா. வேப்பம்பூ எண்டதை அந்த மனுசிக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது, ஒரு மரம் இருக்கு, இலையும் கைக்கும், பூவும் கைக்கும், நாங்கள் அதை ஆசையா வைச்சுத் தின்னுறனாங்கள் எண்டால் விசரர் எண்டு நினைப்பா. ஓம், பிஸ்கற் எண்டன். "யோகாவோட கதையுங்கோ, அவவுக்குக் கேக்கும், கடைசி வரைக்கும் கேக்கும்" எண்டு சொல்லிப்போட்டுப் போட்டா. கடைசி எண்ட சொல்லை எவ்வளவு லேசாச் சொல்லுறாங்கள். கதை, கதை எண்டால் நான் என்னத்தைக் கதைக்கிறது? எங்கட வீட்டில கதைக்கிறது அவள். நான் ஓம் சொல்லுற ஆள். அவள் சொல்லுவாள், நான் ஓம் எண்டுவன், ஓம் சொன்னது காணாது எண்டு அதுக்கும் ஏசுவாள். இப்ப அவள் ஒண்டும் சொல்லாமல் கிடக்க, நான் எதுக்கு ஓம் சொல்லுறது? கட்டிலடியில போய் இருந்து, இஞ்சேர் யோகம், இண்டைக்கு வெயில் எண்டு சொன்னன். வேற ஒண்டும் வாயில வரேல்லை. நேற்று, இண்டைக்கு மழை எண்டு சொன்னன். முந்தநாளும் மழை எண்டு சொன்னன். இருந்த காலமெல்லாம் இருந்துபோட்டு, சாகக்கிடக்கிற மனுசிக்கு ரேடியோக்காரன் மாதிரிக் காலநிலை வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். பூவும் இவ்வளவுதான் மிச்சம், பை வெறும் பை. இது மூண்டாம் தரம் வடகம் போடுறது. ரெண்டாம் தரம் செய்ததை நினைச்சால் என்ர கன்னத்தில நானே ரெண்டு அடி போடலாம் போல கிடக்கு. இந்த ஊரில மே நடுவோட சூரியன் விழாது. மலைக்கு மேல உருண்டுகொண்டே திரியும், ராவும் பகலும் வெளிச்சம். என்ர யாழ்ப்பாணத்து மூளை கணக்குப் போட்டுது, வடகத்துக்கு மூண்டு நாள் வெயில் வேணும், இஞ்ச ராவிலும் வெயில், அப்ப ஒண்டரை நாளில காய்ஞ்சுபோகும் எண்டு. பெரிய கண்டுபிடிப்பு. சுளகை ராமுழுக்க வெளியில விட்டுட்டுப் படுத்தன். ஆரணிக்குப் போனில சொல்லிப் பெருமையும் அடிச்சன், எங்கட ஊரில இல்லாத வசதி இஞ்ச இருக்கு பிள்ளை எண்டு. விடிய வந்து பாத்தால் வடகம் பஞ்சு மாதிரி ஊதிக் கிடக்குது. அடுத்த நாள் வெள்ளைப் பூஞ்சணம். வெளிச்சம் வேற, வெயில் வேற. இதை விளங்க இந்த ஊரில இத்தினை வருசம் இருக்கவேண்டியிருந்தது. அள்ளிக் குப்பையில போட்டுட்டுக் குசினியில நிண்டு அழுதன். அவளுக்கு அழுகைச் சத்தம் கேட்டிருக்குமோ. கிர்ஸ்டி சொன்ன மாதிரி எல்லாம் கேக்கும் எண்டால் அதுவும் கேட்டிருக்கும்.

கடற்காகம் ஒண்டு வேலியில வந்து குந்திக்கொண்டு சுளகையே பாக்குது. போ. குடையைக் கண்டு பயப்பிடுற சாதி இல்லை இது, ஊர்க்காகம் எண்டால் கறுப்பைக் கண்டாலே கிட்ட வராது, இது குடைக்கு மேலயே வந்து குந்தும். யோகம் எண்டால் ஒரு சத்தம் போடுவாள், அது அடுத்த தீவுக்குப் போய்ச் சேரும். அவளின்ர சத்தம். கலியாணம் முடிச்சு இஞ்ச வந்த முதல் கிழமை, மாடிவீட்டுக்குக் கீழ கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டவள். நான் மேல நித்திரை, இரவு வேலை முடிஞ்சு வந்து படுத்தனான். திடீரெண்டு முற்றத்தில ஒரு குரல், "மழை வருது, மழை வருது, உடுப்பெடுங்கோ" எண்டு. எட்டு வீடும் யன்னலைத் திறந்து பாத்தது. ஆரோ செத்திட்டினம் எண்டு நினைச்சிருப்பினம். வெள்ளைக்காரர் மழைக்கு ஓடுறேல்லை, சத்தம் போடுறேல்லை, ஒரு நீல மழைச்சட்டையைக் கொழுவிக்கொண்டு பேசாமல் நடப்பினம், அவைக்கு மழை எண்டது செய்தியே இல்லை. எங்களுக்கு எங்கயோ ஒரு துளி விழுந்தால் காணும், புகையிலை, மிளகாய், நெல்லு, விறகு, உடுப்பு, பிள்ளை, எல்லாத்தையும் அள்ளவேணும், ஒரு வீட்டில கூப்பிட்டால் ஒழுங்கை முழுக்கக் கூப்பிடும். ஒரே தூறல் பெய்யிற ஊரில வந்து ஒவ்வொரு தூறலுக்கும் கூப்பிட்டாள். நான்தான் வெக்கப்பட்டுச் சொன்னனான், "இஞ்சேர், மெல்லமாக் கூப்பிடும், சனம் பாக்குது" எண்டு. "அவை பாத்தால் உடுப்புக் காய்ஞ்சிடுமே" எண்டாள். ஒருநாளும் அந்தக் குரலைக் குறைச்சதில்லை. ஒரே ஒருக்கால்தான் மழை பெய்யக் கூப்பிடாமல் நிண்டவள். தொண்ணூற்றைஞ்சில, ஐப்பசிக் கடைசியில, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்துச் சனம் ஊரைவிட்டு வெளிக்கிட்டு மழைக்குள்ள நடந்துகொண்டிருக்கு எண்டு ரேடியோ சொன்ன அண்டு. அவளின்ர அண்ணனும் பிள்ளையளும் அந்த றோட்டில. இஞ்சயும் மழை, ஐஸ் மாதிரி. அப்ப இந்த வீட்டுக்கு வந்திட்டம். இதே பலகைத் தளத்தில, இப்ப சுளகு இருக்கிற இடத்தில, தலைமயிரால தண்ணி ஒழுக நிண்டாள். நான் உள்ளுக்க வாரும், வாரும் எண்டு கத்தினன். "அங்க அண்ணாவும் பிள்ளையளும் நனையினம்" எண்டாள். நீர் நனைஞ்சால் அவை காய்வினமே எண்டு கேட்டன். அவள் உள்ளுக்க வரேல்லை, அங்கையே நிண்டாள். அந்த மழையும் அந்தச் சராசரிக்குள்ளதான் இருக்கு.

வெளிச்சம் குறையுது. முகில் தோளில இருந்து இறங்கிட்டுது, குடாக்கடலின்ர அங்காலக் கரை தெரியேல்லை, சாம்பல் நிறத்தில ஒரு துணி தொங்குற மாதிரி. கொஞ்சம் பொறு. இன்னும் கொஞ்சம் பொறு. அது கடலோட போயிடும், கனதரம் அப்பிடிப் போயிருக்கு. காத்து எந்தப் பக்கம்? குடை ஆடுது. இப்பவே எடுத்து உள்ளுக்க வைக்கலாம்தான். வைச்சால் காயாது. விட்டால் நனையும். இந்த வெயில் இன்னும் கால்மணித்தியாலம் கிடந்தால் அடியிலயும் கொஞ்சம் இறுகும். அவளுக்கு நாளையிண்டை வரைக்கும் நாள் இருக்குதோ? அதுதான் உண்மையான கேள்வி, அதைத்தான் நான் விடிஞ்சதில இருந்து கேக்காமல் முகிலைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். வடகத்துக்கு மூண்டு நாள் வேணும், அவளிட்ட மூண்டு நாள் இருக்கே? கிர்ஸ்டி விடிய அவளின்ர காலைத் தொட்டுப் பாத்திட்டுப் போர்வையை ஏன் அவ்வளவு கவனமா இழுத்து மூடினவ? ஆரணியை வெள்ளிக்கிழமை வரச்சொல்லுங்கோ எண்டு போன கிழமை சொன்ன மனுசி, இண்டைக்கு ஏன், ஏலுமெண்டால் இண்டைக்கே வரச்சொல்லுங்கோ எண்டவ? எனக்கு விளங்கேல்லை. பாஷை விளங்கேல்லை. கையில ஏதோ குளிராப் பட்டுது. கடற்காகம்தான் ஏதோ செய்திட்டுது எண்டு பாக்கிறன். தண்ணி. ஒரு துளி. பிறகு சுளகின்ர விளிம்பில ஒண்டு, மீன்பெட்டியில டக் எண்டு ஒண்டு. எழும்பிட்டன். கை ரெண்டையும் சுளகுக்கு நீட்டிட்டன். அப்பத்தான் எனக்குப் பின்னால, அந்த ஒரு சாண் இடைவெளியால, "மழை வருது" எண்டு கேட்டுது.

மண்டைக்குள்ள கேட்டதெண்டுதான் நினைச்சன். திரும்பிக் கதவைத் தள்ளினன். கண் திறந்திருக்கு. என்னைப் பாக்கேல்லை, எனக்குப் பின்னால, வானத்தைப் பாக்கிறாள், முற்றத்தில நிண்டு அண்ணாந்து பாக்கிற அதே பார்வை. உதடு வெடிச்சுக் கிடக்கு. "மழை வருது, எடுங்கோ." குரல் அடியில எங்கயோ கிடந்து வருது, கறகற எண்டு, ஆனால் அவளின்ர குரல், எட்டு வீட்டு யன்னலைத் திறந்த குரல். யோகம். யோகம், கேட்டுது, எனக்குக் கேட்டுது, ஓம். ஓம் எண்டு சொல்ல வாய் வரேல்லை. சுளகு ஒரு எட்டில இருக்கு. தூக்கினால் முடிஞ்சுது, உள்ளுக்க வைக்கலாம், பூவும் மிஞ்சும், உழுந்தும் மிஞ்சும். காலை எடுத்து வைக்கிறன், வைக்கேல்லை. எடுத்திட்டன் எண்டால் அவளுக்குச் சொல்ல ஒண்டும் இல்லை. உள்ளுக்க வந்திட்டுது எண்டு கண்டால் கண்ணை மூடிடுவாள். மழை இப்ப பலகையில படபட எண்டு விழுது, குடை சரிஞ்சு போச்சு, கடற்காகம் எழும்பிப் போட்டுது. வடகத்தின்ர மேல் கரைஞ்சு பூ எல்லாம் தனித்தனியா மிதக்குது, சின்னச் சின்னக் கறுப்பு. அவள் கண்ணை இறக்கிச் சுளகைப் பாத்தாள். பிறகு என்னைப் பாத்தாள். என்னைத்தான். "எடுங்கோவன்" எண்டாள். கொஞ்சம் மூச்சு எடுத்தாள், போர்வை ஏறி நிண்டது, நிண்டது, பிறகு, "என்ன மனுசனப்பா நீங்கள்" எண்டாள். உதுதான். உதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தன். வெயில் படாத வடகம் இல்லை, உதுதான் இப்ப கடைசி, இல்லை, கடைசி இல்லை, இன்னும் ஒண்டு இருக்கு, ரெண்டு மூண்டு தரம் ஏசுறதுதானே அவளின்ர வழக்கம், ஒண்டோட விட்ட ஆள் இல்லை அவள். கழுத்தால இறங்குது தண்ணி. ஐஸ் மாதிரிக் கிடக்கு. சுளகு நிறைஞ்சு விளிம்பால வழியுது. போர்வை ஏறுது. நிக்குது. பாரும், நான் எடுக்கேல்லை, எல்லாம் கரைஞ்சு போகுது, பாத்துக்கொண்டு மரம் மாதிரி நிக்கிறன், உமக்குக் கோவம் வரேல்லையே? சனம் பாத்தால் பாக்கட்டும். சத்தமா ஏசும். யோகம், மழை பெய்யுது, நான் இன்னும் எடுக்கேல்லை.